தழைமேட்டில் நிற்கக்கூடாது

நிரஞ்சனின் மூக்கை உடைத்ததற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. இன்னொரு குத்து விட்டிருக்கலாம் என்றுகூடச் சில நாள் தோன்றும். அவன் நல்ல பிள்ளைதான். இப்போதும் போடிப் பக்கம் வந்தால் அந்தக் கோணல் மூக்கோடு என் கடையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் போவான்.

என் பெயர் சிலுவைமுத்து. ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவன். ஓய்வுபெற்று வந்து, மலையேறுகிறவர்களுக்கு வேண்டிய கூடாரம், கயிறு, கையடக்க ஜி.பி.எஸ். எல்லாம் விற்கிற கடை வைத்தேன். உள்ளே வருகிறவன் முதுகுப் பையை இறக்குவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பான்.

"அண்ணே, ஜி.பி.எஸ்.ல எது நல்லது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த மலை, எந்த மாதம், கூட யார் வருகிறார்கள், ஒன்றும் சொல்லமாட்டான். எது நல்லது என்றால் எதைச் சொல்வது? போன் போதாதா என்று சிலர் வாதாடுவார்கள். மழையில் ஊறிய விரலுக்குப் போன் திரை மசியாது என்பது மலைக்குப் போய் நனைந்தால்தான் தெரியும். பொத்தான் உள்ளதை வாங்கு, பென்சில் பேட்டரி போடுவதை வாங்கு, மரக்கூட்டத்துக்கு அடியிலும் சிக்னல் பிடிப்பதை வாங்கு என்று சொல்லி அனுப்புவேன். அதெல்லாம் சுவடு என்ற கருவி வருவதற்கு முந்தைய காலம்.

எங்கள் ஊருக்கு மேலே இருக்கிற கூகைமலையை ஒரு மலையேற்ற வாரியம் பார்த்துக்கொண்டது. வழிதவறி அடுத்தடுத்துச் சிலர் செத்த பிறகு வாரியம் ஒரு விதி போட்டது. ஆளுக்கொரு ஜி.பி.எஸ். இடுப்பில் இல்லாமல் யாரும் சோதனைச்சாவடியைத் தாண்டக்கூடாது. ஊர் சுற்ற வருகிறவனுக்கும் அதுதான், ஏலக்காய் பறிக்கப் போகிறவளுக்கும் அதுதான். எந்தக் கருவி என்பதை மலையில் நடந்து பார்த்துச் சொல்லும் பொறுப்பை என்னிடமும் பிலோமியிடமும் கொடுத்தார்கள்.

பிலோமி என் அக்கா மகள். அக்கா இறந்த பின் என் வீட்டில் வளர்ந்தவள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆகியிருந்தாலும் இப்படி ஒரு பிள்ளை பிறந்திருக்காது. மலையேற்ற வழிகாட்டியாக வேலை பார்த்தாள். வாய் அதிகம். என்னை எதிர்த்துப் பேசாமல் அவளுக்கு ஒரு நாளும் சோறு இறங்கியதில்லை.

இரண்டு கருவிகள் எங்கள் முன்னால் இருந்தன. ஒன்று நான் பல வருடங்களாக விற்றுவந்த மஞ்சள் பெட்டி. உள்ளே வரைபடம் இருக்கும், நாம் இருக்கும் இடத்தில் புள்ளி வைக்கும், அவ்வளவுதான். இன்னொன்று சுவடு. அதற்குள் வரைபடமே கிடையாது. அதை வைத்துக்கொண்டு நடந்த அத்தனை பேருடைய நடையையும் அது ஞாபகம் வைத்திருக்கும். பலர் நடந்த இடம் அதற்குப் பாதை. திரும்பி வந்த இடம் முட்டுச்சந்து. ஓடிய இடம் ஆபத்து, அங்கே சிவப்புக் காட்டும். அமைதியாக நின்ற இடம் ஓய்வுக்கு உகந்தது, அங்கே ஒரு பச்சை இலை காட்டும். இரண்டு சுவடுகள் கிட்டே வந்தால் தங்களுக்குள் பேசி, ஒன்று கற்றதை இன்னொன்று கற்றுக்கொள்ளும்.

அதற்கு அணைக்கிற பொத்தானும் கிடையாது. அணைக்க முடியாத சாமானை நான் எங்கேயும் நம்பியதில்லை.

ஒரு மழைக்காலம் முழுக்க இரண்டையும் கட்டிக்கொண்டு மலையெல்லாம் அலைந்தோம். ஒரு நாள் மஞ்சள் பெட்டியைப் பார்த்தபடி நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். பிலோமி என் பெல்ட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். ஒரு அடிக்கு அந்தப் பக்கம் மண் சரிந்து பள்ளமாகிக் கிடந்தது.

"மாமா, ஒங்க மஞ்சப்பெட்டி நம்மள ஆகாயத்துல நடக்கச் சொல்லுது" என்றாள். சுவடைத் திருப்பிக் காட்டினாள். அதில் பாதை பள்ளத்துக்கு முன்பே இடதுபக்கம் வளைந்து போயிற்று. "ஏலத்துக்குப் போறவய்ங்க போன வாரமே சுத்திப் போயிட்டாய்ங்க. அது இதுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க."

"ஒரு எடத்துல சரியாச் சொன்னா எல்லா எடத்துலயும் சொல்லிருமா?"

"மேப்பு பொய் சொல்லும் மாமா. காலு பொய் சொல்லாது."

சுவடுதான் தேர்வானது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நானும் கையெழுத்துப் போட்டேன். அடுத்த மாதமே, சுவடு இருந்தால் வழிகாட்டி தேவையில்லை என்று வாரியம் அறிவித்தது. பிலோமியின் பிழைப்பில் பாதி போயிற்று. "சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டேன் மாமா" என்று சிரித்தாள். கடையில் என்னோடு உட்கார ஆரம்பித்தாள்.

ஒரு நாள், மறுநாள் மலையேறுவதற்கு அனுமதிச் சீட்டு வாங்க நானும் அவளும் சாவடிக்குப் போயிருந்தோம். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. மலையில் இருக்கிற சுவடுகள் எல்லாம் ஒன்றிடம் ஒன்று சேதி கொடுத்து, சாவடித் திரையில் புள்ளிகளாகத் தெரியும். சீட்டு எழுதுகிறவன் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தபோது பிலோமி திரையைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"மாமா, நாலு பேரு தழைமேட்டுல உக்காந்திருக்காய்ங்க. ரொம்ப நேரமா அசையல. கூடாரம் அடிச்சுட்டாய்ங்க போல."

தழைமேடு என்பது ஒரு நாவல் மரத்தடி. முன்பு எப்போதோ ஏலக்காய்க்குப் போன ஒருவனை அங்கே யானை அடித்துக் கொன்றது. காட்டில் அப்படி ஆள் செத்த இடத்தைக் கடக்கிறவர்கள் ஒரு தழையை ஒடித்து அங்கே போட்டு, கொஞ்சம் நின்றுவிட்டுப் போவார்கள். இந்து, கிறிஸ்தவன் என்ற பேதமெல்லாம் இல்லை. தழை விழுந்து விழுந்து மேடாகிவிட்டது. அங்கே எவரும் உட்காரமாட்டார்கள். பொழுது சாயும்போது யானைகள் ஓடைக்கு இறங்குகிற வழியே அதுதான்.

"ஏறுவமா?" என்றாள். கேட்டுக்கொண்டே ஏற ஆரம்பித்துவிட்டாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாவல் மரத்தடியில் நீலநிறக் கூடாரம் ஒன்று நின்றது. சென்னைப் பிள்ளைகள். மூன்று பையன்கள், ஒரு பெண். சின்ன கேஸ் அடுப்பில் நூடுல்ஸ் வெந்துகொண்டிருந்தது. தழைக் குவியலைச் சமப்படுத்தி அதன் மேல் மெத்தைபோல விரிப்பு போட்டிருந்தார்கள்.

பிலோமி தாழ்ந்த குரலில் சொன்னாள். "சத்தம் போடாம எந்திரிங்க. எல்லாத்தையும் விட்டுட்டு எங்க பின்னாடி வாங்க."

கண்ணாடி போட்ட ஒரு பையன் சிரித்தான். அவன் பெயர் நாச்சியப்பன் என்று பிறகு தெரிந்தது. "அக்கா, இந்த மலையிலயே பெஸ்ட் ரெஸ்ட் பாயிண்ட் இதுதான். பாருங்க, இலை காட்டுது" என்று சுவடை நீட்டினான்.

பிலோமி அதை அவன் கையிலிருந்து தட்டிவிட்டாள். அது கல்லில் பட்டு உருண்டது. அவன் கோபமாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அந்த வாய் திறந்தபடியே இருக்கும்போது யானை வந்தது.

யானை வரும்போது பூமி அதிரும் என்று கதை சொல்கிறவர்கள் யானையைப் பார்த்ததில்லை. ஒரு சத்தமும் இல்லை. ஒற்றைக் கொம்பன். முதலில் நாச்சியப்பனைத்தான் எடுத்தது. தும்பிக்கையால் இடுப்பில் அடித்தது, அவன் மடங்கி விழுந்தான், அதன் முன்னங்கால் அவன் நெஞ்சில் இறங்கியது. பச்சை மட்டையை மிதித்தால் வருகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. மற்ற இரண்டு பையன்களும் அலறிக்கொண்டு சரிவில் ஓடினார்கள். நான் நூடுல்ஸ் கொதித்த அடுப்பை எடுத்து அதன் முகத்தில் எறிந்தேன். அது திரும்பி என்னை நெற்றியால் தள்ளியது. பாறையில் மோதினேன். தோள் எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

கூடாரத்துக்குள் அந்தப் பெண் தூங்கும் பையில் சிக்கிக்கொண்டு துடித்தாள். நான் பார்த்துக்கொண்டே கிடந்தேன். பிலோமி யானையின் காலுக்கு இந்தப் பக்கமாகப் புகுந்து ஓடினாள். தூங்கும் பையோடு சேர்த்து அந்தப் பெண்ணை இழுத்துச் சரிவில் உருட்டிவிட்டாள். நிமிர்ந்தாள். அதற்குள் தும்பிக்கை அவள் இடது காலைச் சுற்றிவிட்டது.

அவளை மரத்தில் அடித்தது. ஒரு தடவை இல்லை. அடித்து முடித்துக் கீழே போட்டு, முழங்காலை மடக்கி அவள் மேல் மண்டி போட்டது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஓடைக்கு இறங்கிப் போய்விட்டது. நான் ஒரு கையால் தவழ்ந்து அவளிடம் போனேன். முகம் மட்டும் முழுசாக இருந்தது. அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன், அதே மூச்சில் அவரைத் திட்டவும் செய்தேன்.

பிலோமியை அடக்கம் செய்து, தோளுக்குக் கம்பி வைத்து நான் வீடு வந்த மறுநாள் நிரஞ்சன் வந்தான். சுவடு செய்கிற கம்பெனியின் இன்ஜினியர், கோயம்புத்தூர்க்காரன். கடையின் பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தான். ஆறுதல் சொல்ல வந்தவன் முகம் இல்லை அது. எதையோ கேட்க வந்தவன் முகம்.

"சார், தப்பா நினைக்காதீங்க. அந்த ஒரு இடம் மட்டும் எங்களுக்குப் புரியவே இல்லைங்க. மலையில எல்லாரும் நடந்துக்கிட்டே இருக்காங்க. அங்க வந்ததும் நிக்கிறாங்க. ஒருத்தர் விடாம நிக்கிறாங்க. ஓடலை, பதறலை, திரும்பலை. அசையாம அமைதியா நிக்கிறாங்க. அங்க தண்ணி இல்லை, காட்சி இல்லை. எதுக்குங்க நிக்கிறாங்க?"

"செத்தவனுக்குத் தழை போட" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே புரிந்தது. ஏலக்காய்க்குப் போகிற ஒவ்வொருவரும் இடுப்பில் சுவடோடு அங்கே நின்றிருக்கிறார்கள். மரியாதைக்காக நின்றதை அந்தச் சாமான் சுகத்துக்காக நின்றதாக எடுத்துக்கொண்டிருக்கிறது. யானை கொன்ற இடம் என்பதால்தான் நின்றார்கள். நின்றார்கள் என்பதால்தான் அது இன்னும் நாலு பேரை யானையிடம் கூட்டிப்போய் உட்காரவைத்தது.

நிரஞ்சன் நெற்றியைத் தடவினான். "அப்ப டேட்டா சரியாத்தான் இருந்திருக்கு" என்று தனக்குள் சொல்வதுபோல் சொன்னான்.

ஒரு தோளில் கட்டு. இன்னொரு கை சும்மாதான் இருந்தது. அதை வைத்து அவன் மூக்கில் குத்தினேன். எலும்பு நொறுங்கியது கைக்குத் தெரிந்தது. கூடாரங்கள் அடுக்கியிருந்த அலமாரியோடு சாய்ந்தான். மேலே விழுந்து இன்னும் அடித்திருப்பேன், தோள் வலியில் எனக்கே கண் இருட்டிவிட்டது.

அவன் ஓடவில்லை. சட்டையெல்லாம் ரத்தத்தோடு தரையிலேயே உட்கார்ந்திருந்தான்.

"அழிச்சுத் தொலைடா அந்த எடத்த" என்றேன்.

"முடியாதுங்க. எங்க கையில எதுவும் இல்லை. மலையில டவர் கிடையாதுன்னுதான் ஒண்ணுக்கொண்ணு பேசற மாதிரி செஞ்சோம். நாங்க ஒரு மிஷின்ல அழிச்சா, பக்கத்துல வர்ற மிஷின் மறுபடி சொல்லிக் கொடுத்துரும். அது காலைத்தான் நம்பும், எங்களை நம்பாது. ஜனங்க அங்க நிக்காம நடந்தா மட்டும்தான் மறக்கும்."

ஜனங்கள் நிற்காமல் நடப்பதா? இரண்டு பேர் புதிதாகச் செத்திருக்கிறார்கள். டிவியில் காட்டியிருக்கிறார்கள். பிலோமியைத் தெரியாத ஏலக்காய்க்காரி அந்த மலையில் கிடையாது. தினம் ஏறினார்கள், தழை போட்டார்கள், முன்பைவிட அதிக நேரம் நின்று அழுதார்கள். இத்தனை பேர் நின்றதற்கு முன்னால், அன்று இரண்டு பையன்கள் ஓடிய ஓட்டம் சுவடின் கணக்கில் எடுபடவில்லை. ஒரு இலை இரண்டு இலையானது, இரண்டு மூன்றானது. வாரியம் எச்சரிக்கைப் பலகை வைத்தது. அதைப் படிக்க நின்றார்கள். கருவியைத் திரும்பப் பெறச் சொன்னேன். நாச்சியப்பனின் அம்மா போட்ட வழக்கு கோர்ட்டில் இருக்கிறதாம், இப்போது மாற்றினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகுமாம். மழை விட்டதும் திருப்பூரிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் ஏறினார்கள். மூன்று இலையைப் பார்த்துப் பலகைக்குப் பின்னாலேயே படுத்திருக்கிறார்கள். தம்பியின் உடல் மரக்கிளையில் தொங்கியது. அண்ணனைச் சாக்கில்தான் அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அன்றைக்கு எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். பேதலிக்கவில்லை. மண்ணெண்ணெய் கேனைத் தூக்கிக்கொண்டு நல்ல தெளிவோடுதான் ஏறினேன். தழைமேட்டின் மேல் ஊற்றிக் கொளுத்தினேன். காய்ந்த தழை பிடித்து எரிந்தது. புகையைப் பார்த்து ஏலத் தோட்டத்திலிருந்து ஓடிவந்தார்கள். பிலோமியோடு படித்த செல்லக்கிளி முன்னால் வந்தாள், அவள் புருஷன், தோட்டத்து ஆட்கள் எல்லோரும் வந்தார்கள்.

"செத்தவங்கள ரெண்டாம் தடவ கொல்றியேய்யா" என்றாள் செல்லக்கிளி. முதல் அடி அவளுடையதுதான். பிறகு யார் கை, யார் கால் என்று தெரியவில்லை. நாவல் மரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். விலா எலும்பு முறிந்தது, வாயில் மூன்று பல் கழன்றது. எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. அடித்தவர்களின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு இடுப்பிலும் ஒரு சுவடு மினுக்கிக்கொண்டிருந்தது. என்னை அடிப்பதற்காக அவர்கள் அங்கே நின்ற நேரமெல்லாம் அதன் கணக்கில் ஓய்வு நேரம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் மூங்கில் தடி ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டேன். தழைமேட்டுக்குக் கொஞ்சம் கீழே, பாதை குறுகுகிற இடத்தில் நின்றேன். தழையோடு வருகிறவனை அடித்தேன். சொல்லிப் பார்த்தேன், கேட்காதவனை அடித்தேன். சிலர் திரும்பிப் போனார்கள், சிலர் என்னை அடித்துவிட்டுப் போனார்கள். பிலோமி போன பிறகு உடம்பில் அடி விழுந்தால் ஒரு விதத்தில் நிம்மதியாகவே இருந்தது.

அப்படி நின்ற ஒரு காலையில் ஒரு அம்மாள் ஏறிவந்தார். பருத்திப் புடவை, கான்வாஸ் ஷூ, கையில் நாவல் தழை.

"வழி விடுங்க."

"தழையை இங்கயே போட்டுட்டுத் திரும்பிப் போங்கம்மா. மேல போகக்கூடாது."

"நான் வக்கீல் உமையாள். காரைக்குடி. எம்மகன் நாச்சியப்பன் அங்கதான் செத்தான். என்னைப் போகக்கூடாதுன்னு சொல்ல நீங்க யாரு?"

"அங்க செத்த பிள்ளைக்கு மாமன்."

அவர் ஒரு நொடி தயங்கினார். அப்புறம் என்னைத் தள்ளிக்கொண்டு மேலே போகப் பார்த்தார். தடியை வீசினேன். மணிக்கட்டில் விழுந்தது. வளையல் உடைந்து ரத்தம் வந்தது, தழை கீழே விழுந்தது. அவர் கத்தவில்லை. குனிந்து அடிபடாத கையால் தழையை எடுத்துக்கொண்டார்.

"அடிங்க. இன்னும் எத்தனை அடி இருக்கோ அத்தனையும் அடிங்க. நான் போட்டுட்டுத்தான் போவேன்."

தடி என் கையில் கனத்தது. அதைக் கீழே போட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நின்றால் இலை கூடும் என்பதைச் சொன்னேன். திருப்பூர்ப் பிள்ளைகளைச் சொன்னேன். "ஒங்க கேசுனாலதான் மிஷின மாத்த முடியலங்கிறாய்ங்க" என்பதையும் விடவில்லை. நல்லா உறைக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

அவர் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். மணிக்கட்டு ரத்தம் புடவையில் ஊறியது. நான் என் துண்டைக் கொடுத்தேன், வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"நான் நின்னா உங்களுக்கு என்ன? இது நிக்கிறதுதானே பிரச்சினை?" என்று இடுப்பிலிருந்த சுவடைக் கழற்றினார். என் மேல் வீசி எறிந்தார். அது நெஞ்சில் பட்டு விழுந்தது. "எடுத்துக்கிட்டு நீங்க நடங்க. அந்த இடத்துல நிக்காம நடங்க. நான் எம்புள்ளைகிட்ட நின்னுட்டு வர்றேன்."

சிக்னல் பிரிவில் இருபது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இது தோன்றவில்லை. கம்பெனியில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. எல்லோரும் மிஷினைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தோம். அவர் தன் மகனிடம் போய் நிற்பதைப் பற்றி மட்டும் யோசித்தார்.

எடுத்துக்கொண்டேன். என்னுடையதும் அவருடையதுமாக இரண்டு சுவடுகளோடு தழைமேட்டைத் தாண்டி நடந்தேன். நாவல் மரத்தை நேராகப் பார்க்கவில்லை. மேலே ஒரு திருப்பத்தில் போய்க் காத்திருந்தேன். கீழேயிருந்து அவர் அழுகிற சத்தம் கேட்டது. அப்படி ஒரு அழுகையை நான் அதுவரை கேட்டதில்லை. போர்முனையில்கூடக் கேட்டதில்லை.

அதன் பிறகு அதுவே என் வேலையாகிவிட்டது. தழை போட வருகிறவர்கள் சனிக்கிழமை முற்பகலில் பாதை குறுகுகிற இடத்தில் கூடுவார்கள். யானை இறங்காத நேரம் அது. தங்கள் சுவடுகளைக் கழற்றி என் கோணிப்பையில் போடுவார்கள். செல்லக்கிளிதான் முதலில் போட்டாள். என் முகத்தைப் பார்க்காமல், "பல்லு கட்டிக்கிட்டீகளா சித்தப்பா?" என்று கேட்டாள். நான் மூட்டையை நல்ல தோளில் தூக்கிக்கொண்டு நிற்காமல் நடப்பேன். அவர்கள் பின்னால் வந்து தழை போட்டு, வேண்டிய மட்டும் நின்று அழுதுவிட்டு, மேலே வந்து வாங்கிக்கொள்வார்கள். நிரஞ்சன் வந்து பார்த்துவிட்டு, இலை மூன்றிலிருந்து இரண்டாகிவிட்டது என்றான். பிறகு ஒன்றானது. பிறகு அதுவும் போயிற்று. சுவடைப் பொறுத்தவரை அந்த மரத்தடியில் எதுவுமே நடந்ததில்லை.

எல்லோரும் தழை போட்டார்கள். நான் மட்டும் பிலோமிக்கு இன்னும் போடவில்லை. மூட்டை என் தோளில் இருக்கிறதே, நான் எப்படி நிற்பது? வேறொருவரிடம் கொடுக்கலாம் என்று உமையாள் அம்மா சொன்னார். ஒரு தடவை கொடுத்தும் பார்த்தேன். வாங்கிய பையன் பாதி வழியில் மரத்தைத் திரும்பிப் பார்த்து நின்றுவிட்டான். ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன். எனக்கு வேறு யார் காலையும் நம்பத் துணிவில்லை.

போன மாதம் நிரஞ்சன் கடைக்கு வந்தான். டீயை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான்.

"சார், ஒரு விஷயம். திரும்பவும் இலை முளைக்குதுங்க. ரொம்ப மங்கலா. ஆனா முளைக்குது."

"யாரு நின்னா? எல்லாத்தையும் நான்தான தூக்கிட்டுப் போறேன்."

"யாரும் நிக்கலைங்க." அவன் தரையைப் பார்த்தான். "நீங்க அந்த மரத்துக்கிட்ட வரும்போது நடை குறையுதுங்க. உங்களுக்கே தெரியாம. ஒவ்வொரு வாரமும் அதே இடத்துல, அதே மாதிரி. மூட்டையில இருக்கற அத்தனை மிஷினும் சேர்ந்து குறையறதால, அது ஏதோ நல்ல இடம்னு எடுத்துக்குது."

நான் மரத்தைப் பார்ப்பதில்லை, அழுவதில்லை, நிற்பதில்லை. எல்லாவற்றையும் அடக்கிக்கொண்டுதான் போகிறேன் என்று நினைத்திருந்தேன். என் கால் அவளிடம் தனியாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. காலு பொய் சொல்லாது மாமா என்று சொன்னாளே, அவளிடம் நான் கடைசியாகத் தோற்ற இடம் இதுதான். நிரஞ்சன் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தான். தட்டிவிடவில்லை.

அந்த வாரமும் மூட்டையைத் தூக்கினேன். குறுகலைத் தாண்டினேன். நாவல் மரம் கண்ணில் பட்டதும் ஓட ஆரம்பித்தேன். கம்பி வைத்த தோள் குலுங்க, முறிந்து கூடிய விலா குத்த, அறுபது வயதைத் தாண்டியவன் என் பிள்ளை செத்த இடத்தில் திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். வாராவாரம் ஓடுகிறேன். இப்போது சுவடில் அந்த இடம் நல்ல சிவப்பாகத் தெரிகிறதாம், புதிதாக வருகிறவர்கள் யாரும் அங்கே தங்குவதில்லை.

நேற்று கடைக்கு வந்த ஒரு பையன், எது நல்லது என்று வழக்கம்போலக் கேட்டான். பில் போடும்போது என்னையே உற்றுப் பார்த்தான்.

"அண்ணே, போன வாரம் மலையில மூட்டையோட ஓடினது நீங்கதான? அப்படி என்ன பயம், ஆனையா?"

"ஆமாப்பா, ஆனைதான்" என்றேன்.